கடைசியாகக் கழற்றும் பூட்டு

என் புருஷன் அப்தோன் உயிரோடு இருந்தவரை அவருக்குப் பூட்டே கிடையாது. ஓர் அட்டைதான். "ஆள் உள்ளே, சுவிட்சைத் தொடாதே" என்று அதில் எழுதி, மெயின் சுவிட்சின் கைப்பிடியில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு இயந்திரத்துக்குள் இறங்குவார். எங்கள் துறைமுகம் சிம்போத்தேயின் கடல் காற்றுக்கு இரும்பே தாங்காது, சணல் தாங்குமா? ஒரு மத்தியானம் கயிறு இற்று, அட்டை எங்கோ பறந்துவிட்டது. ஷிப்டு மாறி வந்தவன் வெறும் கைப்பிடியைப் பார்த்தான், மேலே ஏற்றினான். அப்தோன் உள்ளே இருந்தார்.

அடக்கம் முடிந்த கையோடு ஆலைக்குப் பெட்டி பெட்டியாகச் சிவப்புப் பூட்டுகள் வந்து இறங்கின. ஆள் செத்த பிறகு வரும் புத்தி எப்போதும் பெட்டி பெட்டியாகத்தான் வரும். முதல் பூட்டில் அவர் பெயரைப் பொறித்து, அடையாள அட்டையில் இருந்த படத்தை ஒட்டினார்கள். அவர் கை ஒரு தடவைகூடப் படாத பூட்டு அது. அதன் சாவியை என் கழுத்தில் மாட்டினார்கள். கூடவே ஸ்டோரில் ஒரு வேலையும் கொடுத்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே இறங்கும் ஒவ்வொருவனுக்கும் அவனவன் பூட்டை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

எங்களுடையது நெத்திலியை வேகவைத்துப் பிழிந்து மாவாக்கும் ஆலை. வெந்த மீனைப் பிழியும் இயந்திரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதை எல்லோரும் புழு என்பார்கள். நீளமான இரும்புத் தொட்டி, அதற்குள் திருகாணி மாதிரி சுற்றும் தகடு. ஓர் ஆள் அதற்குள் படுத்துக்கொண்டே வேலை செய்யலாம். மேலே மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாது. அப்தோன் போனது அதில்தான்.

பூட்டு வந்த பிறகு விதி எளிது. சுவிட்சை இறக்கி, அதில் ஒரு கொண்டியை மாட்ட வேண்டும். கொண்டியில் வரிசையாகத் துளைகள். இறங்குகிற ஒவ்வொருவனும் ஒரு துளையில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் கைப்பிடி மேலே போகாது. நீராவி வால்வை மூடி அதற்கும் சங்கிலி போடுவார்கள். எல்லாம் முடிந்ததும் ஒருவன் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பான். அந்த ஒரு நொடி யாரும் மூச்சு விடமாட்டார்கள். ஒன்றும் அசையவில்லை என்றால்தான் இறங்குவார்கள்.

இதோடு மேஸ்திரி செனோன் ஒரு வழக்கத்தைச் சேர்த்தான். செனோன் என் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் எனக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு நான் கொமாத்ரே. அப்தோனின் பூட்டு முதலில் ஏற வேண்டும், கடைசியில் இறங்க வேண்டும் என்று அவன் வைத்தான். வேலைக்கு முன்னும் பின்னும் பெயர் கூப்பிடுவான். ஒவ்வொருவனும் "ஆஜர்" என்பான். "அப்தோன் நெய்ரா!" என்று கூப்பிடும்போது, ஊர்வலங்களில் செத்துப்போன தோழர்களுக்குச் சொல்வதுபோல, மொத்தக் கூட்டமும் சேர்ந்து "ஆஜர்!" என்று கத்தும். தொட்டித் தகடு அதிரும்.

பூட்டைத் திறக்க முதன்முதலில் நான் போனபோதுதான் அது கேட்டது. அப்தோன் வேலை முடித்து வெளியே வந்ததும் ஸ்பேனரால் தொட்டியின் பக்கவாட்டில் தட்டுவார். டொக், டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். நான் வெளியே வந்துவிட்டேன், இனி ஓட்டலாம் என்று அர்த்தம். அதே தட்டு, அதே இடைவெளி விட்டு, தொட்டிக்குள்ளிருந்து கேட்டது. எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் தொட்டியில் காதை வைப்பேன். சுற்றி நிற்பவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். சில நாள் உடனே தட்டுவார். சில நாள் காக்க வைப்பார், உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், நேரத்துக்கு வந்த மனுஷனா அவர்? கேட்டதும் நான் சிரிப்பேன், பூட்டைத் திறப்பேன். வேறு யாருக்கும் அது கேட்டதில்லை. தனக்கும் கேட்டதாக செனோன் ஒருமுறை சொன்னான். அவன் கைக்கடிகாரம்தான் அவனுக்குக் கேட்டிருக்கும்.

வீட்டில் அப்தோன் இல்லை. கல்லறையிலும் இல்லை, அங்கே போய் உட்கார்ந்தால் மணலும் காற்றும்தான். புழு நிற்கும் நாட்களில் மட்டும்தான் எனக்குப் புருஷன் இருந்தார். எப்போது அது பழுதாகும் என்று நான் மனசுக்குள் காத்துக் கிடந்தேன்.

தலைநகர் லீமாவிலிருந்து வந்த இஞ்சினியர் லர்ரேயாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கெட்டவர் இல்லை. என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார். "சென்யோரா, உங்க துக்கத்தை நான் குறைச்சுப் பேசல. ஆனா என்னிக்காவது அந்தப் பூட்டால ஆலை நின்னு மீன் அழுகிச்சுன்னா, வெட்டி எடுத்துடுவேன். அப்புறம் அது திரும்ப ஏறாது."

"வெட்டுங்க பார்ப்போம்" என்றேன். வாய் சொன்னதே தவிர, கை கழுத்துச் சாவியைப் பொத்திக்கொண்டது. பூட்டு போனால் தட்டும் போய்விடுமே.

ஒரு திங்கட்கிழமை புழுவின் தகட்டில் விரிசல் விட்டது. கடலில் படகுகள் வயிறு நிறைய மீனோடு வரிசை கட்டி நின்றன. வெல்டிங் வைக்கக் காண்ட்ராக்ட் ஆட்களைக் கூட்டிக்கொண்டு உபால்தோ என்பவன் ஜன்னலுக்கு வந்தான்.

"ஒரு பூட்டு குடுங்க சென்யோரா, போதும். மொத்தக் கூட்டத்துக்கும் நான் பொறுப்பு. எல்லாரும் என் புள்ளைங்க மாதிரி."

"புள்ளைங்களா? அந்தக் கடைசில நிக்கிறவன் பேரைச் சொல்லு, கேப்போம்."

அவன் திரும்பி அந்த ஆளின் முகத்தைப் பார்த்தான். அந்த ஆளே, மீசை வைத்த, தோள் அகன்ற மலைநாட்டுக்காரர், "வில்டெர்" என்றார்.

"தகப்பனுக்குப் புள்ள பேரு தெரியல. ஆளுக்கொரு பூட்டு எடுத்துட்டுப் போ. இல்லன்னா யாரும் இறங்கக் கூடாது."

எடுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் அத்தனையையும் ஒரு பைக்குள் போட்டு மூலையில் வைத்துவிட்டு, தன் பூட்டை மட்டும் மாட்டியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செனோனும் கவனிக்கவில்லை. அவன் கண் அப்தோனின் பூட்டில் இருந்தது.

திங்கள் என்றால் கேன்டீனில் பருப்பு. ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது வெல்டிங் முடிந்திருந்தது. மூடிகளைப் போட்டார்கள். செனோன் பெயர் கூப்பிட ஆரம்பித்தான். ஒவ்வொருவனாக "ஆஜர்" சொல்லி, வந்து தன் பூட்டைக் கழற்றினான். காண்ட்ராக்ட் ஆட்கள் பின்னால் கூட்டமாக நின்று பதில் சொன்னார்கள். "வில்டெர்!" "ஆஜர்." உபால்தோ தன் பூட்டைக் கழற்றினான். கொண்டியில் ஒன்றுதான் மிச்சம்.

"அப்தோன் நெய்ரா!"

"ஆஜர்!"

நான் காதை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. காக்க வைக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். தகடு சில்லென்று இருந்தது. என் ரத்தம் ஓடும் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

"இன்னிக்கு அப்தோன் லீவு போல" என்று பின்னால் யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வாய மூடுங்கடா" என்றான் செனோன். பிறகு என்னிடம் குனிந்து, "கொமாத்ரே, என்ன ஆச்சு?"

"தட்டல."

"கொஞ்சம் பொறுங்க, தட்டுவார்."

பொறுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வேறு யார் நினைப்பும் வரவில்லை. போய்விட்டாரா, என்னைத் தனியாக விட்டுவிட்டாரா, நான் என்ன தப்பு செய்தேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கண்ணீர் வழிந்து தொட்டியில் சொட்டியது. இஞ்சினியர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்காமலே, "கட்டரைக் கொண்டு வாங்க" என்றார்.

இரண்டு கைப்பிடி வைத்த பெரிய கட்டர் வந்தது. அவரே வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சென்யோரா. தள்ளி நில்லுங்க."

தள்ளி நிற்கப் போனவள் நின்றேன். அவர் வெளியே வந்தால்தானே தட்டுவார்? வராமல் ஒருநாளும் தட்டியதில்லையே?

"உள்ள ஆள் இருக்கு" என்றேன்.

"எல்லாரும் ஆஜர் சொன்னாங்க. நீங்களும்தான் கேட்டீங்க."

"உள்ள ஆள் இருக்குங்கறேன்!" பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். "வெட்டறதுன்னா என் விரலையும் சேத்து வெட்டுங்க. மீன் அழுகினா அழுகட்டும்."

கட்டரின் வாய் என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றது. செனோன்தான் முதலில் சுதாரித்தான்.

"டேய், வாயால ஆஜர் சொன்னது போதும். ஒவ்வொருத்தனா முன்னால வந்து மூஞ்சியக் காட்டு!"

வந்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்களும் வந்தார்கள். மீசைக்காரர் வரவில்லை.

"வில்டெருக்கு யார்டா ஆஜர் சொன்னது?"

ஒருவன் தரையைப் பார்த்தான். "கக்கூஸ் போயிருப்பான்னு நெனச்சேன். அப்தோனுக்கு எல்லாரும்தான சொல்றோம்... வாய்ல வந்துருச்சு."

மூடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்து முனையில், தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் வில்டெர் குப்புறக் கிடந்தார். அழுகிய மீனின் வாயு அடித்து மயங்கியிருந்தார். உதடு நீலம். ஒரு கையில் சுத்தியல். இழுத்து வெளியே போட்டு, மார்பைத் தேய்த்து, முகத்தில் காற்று படவைத்தார்கள். நெடுநேரம் கழித்து இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் இஞ்சினியர் கட்டரைக் கீழே போட்டுவிட்டு, மீன் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வில்டெரின் மனைவி என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். "உங்க வீட்டுக்காரர் காப்பாத்திக் குடுத்துட்டார், சென்யோரா" என்று அழுதாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எதுக்கு மறுபடி இறங்கினே?" என்று அவரைக் கேட்டேன்.

"சுத்தியல உள்ள விட்டுட்டேன். மூடி போடறதுக்குள்ள எடுத்துடலாம்னு போனேன். போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் பூட்டு தொங்குதான்னு பார்த்தேன். தொங்குச்சு. அதக் கடைசியாத்தான கழட்டுவாங்க, நீங்க காது வெச்சுக் கேப்பீங்க, அதுக்கு நேரம் ஆகும்... அவர் இருக்கும்போது எனக்கு என்ன பயம்னு இறங்கிட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்தப் பேச்சு தொண்டையில் மீன்முள்ளாகக் குத்த ஆரம்பித்தது.

விஷயம் துறைமுகம் முழுக்கப் பரவியது. சுவிட்சுக்குப் பக்கத்தில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். காகிதப் பூ வந்தது. ஒரு சின்னப் பாட்டிலில் பிஸ்கோ சாராயம் வந்தது, அதை வைத்தவனே மறுநாள் குடித்தும் தீர்த்தான். வேறு ஆலைக்காரர்கள்கூட வந்து அப்தோனின் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இஞ்சினியர் எதையும் அகற்றச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது கடன் கேட்டால்கூட யாரும் கொடுக்காத மனுஷன், செத்தபிறகு சாமியாகிவிட்டார்.

அடுத்த தடவை புழுவை நிறுத்தியபோது என் ஜன்னலுக்குக் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் பூட்டை வாங்கி, பின் பையில் செருகிக்கொண்டு போனார்கள். எனக்கு என்னவோ பட்டது. ஸ்டோரைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

கொண்டியில் அப்தோனின் பூட்டு தொங்கியது. பக்கத்தில் செனோனுடையது. அவ்வளவுதான். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, அப்தோனின் முகத்தில் விரலை வைத்து, அதை உதட்டில் ஒற்றி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, மூடி திறந்திருந்த தொட்டியோரம் போய் நின்றார்கள். பெயர் கூப்பிட்டதும் இறங்க வேண்டியதுதான். சிவப்புப் பூட்டுகள் அவர்கள் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்தன.

"எங்கடா உன் பூட்டு?" என்று ஒருவனைப் பிடித்தேன்.

"எதுக்கு சென்யோரா? அப்தோன் இருக்காரே. நாங்க உள்ள இருந்தா உங்ககிட்ட சொல்ல மாட்டாரா?"

பிடித்திருந்த அவன் சட்டையை விட்டுவிட்டேன். அன்றைக்குத் தட்டு கேட்கவில்லை என்பது எவ்வளவு மெல்லிய நூல்! அது கேட்க வேண்டும் என்று நான் எத்தனை ஏங்கி நின்றேன்! ஏக்கம் இன்னும் கொஞ்சம் முற்றியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். டொக், டொக் என்று என் காதே தட்டியிருக்கும். நான் சிரித்துக்கொண்டே என் கையால் திறந்துவிட்டிருப்பேன். வில்டெர் உள்ளே கிடந்திருப்பார். அவர் மனைவி என் கையைப் பிடித்து முத்தமிட்டிருக்க மாட்டாள்.

இதுநாள்வரை கேட்டதெல்லாம் அவர்தானா, இல்லை நானா? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அவர்தான் என்று சத்தியம் செய்ய எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் அந்த ஆசைக்கு நடுவில் இத்தனை பேர் படுத்துக்கொண்டு வேலை செய்யப்போகிறார்கள்.

செனோன் பெயர் கூப்பிட ஆரம்பித்தான். வேலைக்கு முன்னால் கூப்பிடும்போது முதல் பெயர் எப்போதும் அவருடையதுதான்.

"அப்தோன் நெய்ரா!"

எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் நான் கத்தினேன்.

"இல்ல!"

சத்தம் தொட்டிக்குள் போய்த் திரும்பி வந்தது. செனோன் என்னையே பார்த்தான். "கொமாத்ரே..."

"ஆஜர் இல்ல. செத்துட்டார். இந்தப் புழுவுக்குள்ளதான் செத்தார், நீயும் நானும்தான் கையால அள்ளிப் பொட்டில வெச்சோம். மறந்துட்டியா?"

"வேண்டாம், கொமாத்ரே. பசங்களுக்கு அது ஒரு தைரியம்."

"அந்தத் தைரியத்துலதான வில்டெர் உள்ள படுத்துக் கெடந்தான்? என் புருஷன் பூட்டுக்கு உள்ள யார் இருக்காங்கன்னு தெரியாது. அதுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. அவனவன் உசுருக்கு அவனவன் பூட்டு."

கழுத்திலிருந்து சாவியை எடுத்தேன். தொட்டியில் காதை வைக்காமல் அந்தப் பூட்டைத் திறந்தது அதுதான் முதல் தடவை. சாவி சுலபமாகச் சுற்றியது. பூட்டு கையில் கனமாக இருந்தது. அது இறங்கிய துளை வெறுமையாகத் தெரிந்தது. "காது வை, ஒரே ஒரு தடவை வை" என்று உள்ளுக்குள் ஒருத்தி கதறினாள். அவளை நான் கேட்கவிடவில்லை.

"என்னடா பார்த்துட்டு நிக்கிறீங்க? மாட்டுங்க!"

தொட்டியோரம் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவன் பின் பையிலிருந்து பூட்டை எடுத்தான், பிறகு இன்னொருவன். கொண்டியில் இடம் போதாமல் இரண்டாவது கொண்டி மாட்ட வேண்டியிருந்தது. இஞ்சினியர்கூட என்னிடம் ஸ்டோர் சாவியை வாங்கி ஆள் அனுப்பி, ஜன்னலுக்கே வராதவர்களுக்கும் தனக்கும் பூட்டு எடுத்துவரச் சொன்னார். பட்டனை அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. இறங்கினார்கள்.

வேலை முடியும்வரை நான் ஸ்டோருக்குத் திரும்பவில்லை. வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்து, அவன் பூட்டை அவன் கழற்றுவதைப் பார்த்து, அடுத்தவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியாக செனோன் தன்னுடையதைக் கழற்றினான். இரண்டு கொண்டியும் காலி.

அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "காது வெக்கலையா, கொமாத்ரே?" என்றான்.

"வேண்டாம். போடு."

கைப்பிடி மேலே போனது. தொட்டி ஒருமுறை முனகியது, புழு சுற்ற ஆரம்பித்தது. வில்டெருக்குப் பிறகு மூடியில் புதிதாக வைத்திருந்த கம்பி வலை வழியாக நான் குனிந்து பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை.